விழச் சொன்ன அப்பா

என் அப்பா ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு நடுவே, அவிழ்ந்துபோன சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். தலையிலும் புருவத்திலும் மிளகுத் தூசி படிந்திருந்தது. நான் சந்தின் முனையில் லங்கோடு மட்டும் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் குஸ்திக் கோதாவின் செம்மண்ணோடு நின்றிருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் ஓடி வருகிறார் என்று நினைத்தேன். அவர் கை என் கன்னத்தில் விழும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து அந்த மலையாளத்து ஊருக்குப் பிழைக்க வந்து, மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கிடங்கில் எடை போடுகிற வேலையில் இருந்தார். முதலாளி பாலக்காட்டிலிருந்து வந்து நிலைத்துவிட்ட ராவுத்தர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அப்பாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார். கிடங்குக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார். வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்ததால் அப்பாவுக்கு எதைக் கண்டாலும் பயம். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அந்த ஊரில் ‘வரத்தன்’ என்று பெயர். யாரும் எங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்பாதான் சொல்லிக்கொண்டே இருப்பார். “நாம வரத்தன்மாருலே. சத்தம் காட்டாம இருக்கணும்.” பஸ்ஸில் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். தெருவில் யாராவது சண்டை போட்டால், அது யாருடைய சண்டையாக இருந்தாலும், எங்கள் வீட்டுக் கதவுதான் முதலில் சாத்தப்படும்.

முதலாளியின் மகனுக்கும் என் வயதுதான். கிடங்கில் எல்லோரும் அவனைச் சின்ன முதலாளி என்பார்கள். அடிக்கடி சளிப் பிடித்து, மார்பு இழுத்துக்கொண்டு கிடக்கிற பையன். உடம்பு தேறட்டும் என்று முதலாளியே அவனைக் குஸ்திக்கு அனுப்பினார். படகுத் துறைக்குப் போகிற வழியில், பழைய கயிற்றுக் கிடங்கு ஒன்றின் பின்புறம், ஓலைக்கூரை போட்ட கோதா இருந்தது. செம்மண்ணில் நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்து மெத்தென்று வைத்திருப்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த ஆசான் ஒருவர் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுப்பார். எனக்கு ஏற்கெனவே அங்கே போய் வரும் பழக்கம் இருந்தது. “நீ கூட இருந்து பாத்துக்கோடா” என்று முதலாளி என்னிடம் சொன்னதை அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அவன் உன்னயப் புடிச்சா நீ விழுந்துரணும். நீ அவனப் புடிச்சா விட்டுரணும். வெளங்குச்சா?”

“அது எப்படிப்பா, ஆசான் திட்டுவாரே?”

“ஆசானா நமக்கு வீடு குடுத்துருக்காரு?”

அதன்பிறகு நான் விழுந்துகொண்டே இருந்தேன். விழுவதிலும் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. உடனே விழுந்தால் சந்தேகம் வரும். கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்று, மூச்சு வாங்கி, கடைசியில் முதுகு மண்ணில் படுகிற மாதிரி விழ வேண்டும். சின்ன முதலாளி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கோதாவைச் சுற்றி ஓடுவான். அவன் மார்பு இழுப்பது நிஜமாகவே குறைந்தது. தன் மகன் தராசுக்காரன் மகனைத் தூக்கிப் போடுகிறான் என்று முதலாளி பஜாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா அதைக் கேட்டுவிட்டு வந்த நாளில் எங்கள் வீட்டில் மீன்குழம்பு. என் தட்டில் பெரிய துண்டு விழுந்தது. எனக்கு அது இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆசான் வருவதற்கு முன்பே நாங்கள் கோதாவில் இறங்கிவிட்டோம். சின்ன முதலாளியின் முகம் அன்று வேறு மாதிரி இருந்தது. பையன்கள் யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிடி போட்டதும் நான் வழக்கம்போல் விழுந்தேன். அவன் ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை. “எழு. நீ கள்ளக்களி களிக்கறே” என்றான். நான் கள்ள ஆட்டம் ஆடுகிறேனாம். மறுபடியும் விழுந்தேன். அவன் என் காதைத் திருகினான். மண்ணை அள்ளி முகத்தில் அடித்தான். கன்னத்தில் அறைந்தான். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். பிறகு என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டான்: “உன் அப்பன் சொல்லித்தானேடா விழறே?”

அடுத்து நடந்ததை என் உடம்புதான் செய்தது. அவன் கையைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, தோளுக்கு மேலாகத் தூக்கி எறிந்தேன். ஆசான் சொல்லிக்கொடுத்தபடி சுத்தமாக விழுந்த எறிதல்தான். அவன்தான் விழும்போது கையை ஊன்றப் பார்த்தான். காய்ந்த மரவள்ளித் தண்டை ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. மல்லாந்து கிடந்தபடி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வலி வருவதற்கு முன் ஒரு சிரிப்பு வந்தது. “இதாண்டா...” என்று ஆரம்பித்தான். முடிப்பதற்குள் கண் செருகிவிட்டது.

பையன்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். விழுந்துவிட்டான் என்று கோதாவில் கிளம்பிய செய்தி, பஜார் ரோட்டில் கழுத்து ஒடிந்துவிட்டது என்று ஆனது. கிடங்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பையன் போய்விட்டான் என்றே ஆகியிருந்தது. அப்பாவின் காதில் விழுந்தது கடைசிச் செய்திதான். அதைக் கேட்டுத்தான் ஓடி வந்தார்.

அடித்ததை நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்தில் அடிக்காத அப்பா இல்லை. ஆனால் அன்று அவர் அடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே அடித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து முதலாளி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுமை தூக்குகிறவர்கள் அதற்குள் பையனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முதலாளி காரில் ஏறுவதற்காகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். மாடியில் அவர் மனைவி அலறுகிற சத்தம் கேட்டது. அப்பா என்னைத் தரையில் தள்ளி, என் வலது கையைப் படிக்கல்லின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார்.

“இந்தக் கைதான் முதலாளி. ஒடிச்சுக்கிடுங்க. வேற ஒண்ணும் செஞ்சுராதீங்க.”

முற்றத்தில் தேங்காய் உரிக்கிற கம்பிப்பாரை நட்டிருந்தது. எதை வைத்து என் கையை ஒடிப்பார்கள் என்று தேடிய என் கண்ணுக்கு அதுதான் பட்டது. அப்பா பிடித்திருந்த கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு பயம்.

முதலாளி எங்களைத் தாண்டிப் போனார். கார்க் கதவைத் திறந்தவர் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார். “இவனைக் கொண்டு போ! என் மகனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் உன் குடும்பமும் இந்த ஊர்ல இருக்கமாட்டீங்க!” அதே மூச்சில் அங்கே நின்ற சுமைக்காரர்களிடம், கோதாவை இடித்துத் தள்ளச் சொன்னார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஓலைக்கூரை சரிந்து கிடந்தது. ஆசான் அப்போதுதான் வந்து சேர்ந்தவர், என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கக்கூட முடியாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

‘ஒண்ணு ஆச்சுன்னா’ என்று முதலாளி சொன்னது அப்பாவின் காதில் ஏறவே இல்லை. ‘இருக்கமாட்டீங்க’ மட்டும்தான் ஏறியிருந்தது. தகரப் பெட்டியை இறக்கித் துணிகளை அள்ளிப் போட்டார். அம்மா அழுதுகொண்டே, “ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிள்ளை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்களேன்” என்றாள்.

“பாத்துட்டு? செத்துட்டான்னு தெரிஞ்ச பொறவு எங்க ஓடுவே?”

அடுப்பில் பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எர்ணாகுளம் போகிற படகில் ஏறினோம். படகு நகர்ந்ததும் அப்பா அம்மாவிடம் குனிந்து, “அவன் மேல இருக்க மண்ணைத் தொடச்சு விடு. பாத்தா தெரிஞ்சிரும்” என்றார். அம்மா முந்தானையை நனைத்து என் காதிலும் கழுத்திலும் இருந்த செம்மண்ணைத் துடைத்தாள். துடைத்த தண்ணீர் சிவப்பாக வழிந்தது. நான் ஒருவனைக் கொன்றுவிட்டேன் என்று அந்தப் படகில்தான் முழுதாக நம்பினேன். பின்னால் வந்த ஒவ்வொரு படகும் எங்களைப் பிடிக்க வருகிற படகாகத் தெரிந்தது.

கொல்லம் போய் அங்கிருந்து செங்கோட்டை வண்டியைப் பிடிப்பதாகத் திட்டம். எர்ணாகுளம் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். அப்பா எங்களை பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நகர்த்தினார். இருட்டத் தொடங்கியபோது, விளக்குகளுக்கு அடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே முதலாளி நடந்து வருவதை நான்தான் முதலில் கண்டேன். அவருடைய வெள்ளைச் சட்டையில் செம்மண் அப்பியிருந்தது. மகனைத் தூக்கியிருப்பார். அப்பா எழுந்தார். எழுந்தவர் எனக்கு முன்னால் வந்து, என்னை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க போறே தராசு?”

“ஊருக்கு, முதலாளி.”

“யாரு போகச் சொன்னா?”

“நீங்கதான்.”

“பயத்துல வாய்ல வந்ததைச் சொன்னேன். நான் சொன்னா போயிடுவியா?”

“நீங்க சொல்லி எதை நான் செய்யாம இருந்துருக்கேன்?”

முதலாளி எங்கள் தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் எலும்பு ஒன்று ஒடிந்திருக்கிறது, கட்டுப் போட்டாயிற்று, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். அம்மா தரையில் சரிந்து உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். முதலாளி தலையைச் சாய்த்து, அப்பாவுக்குப் பின்னாலிருந்த என்னைப் பார்த்தார். “இங்க வாடா. கண் முழிச்சதும் அவன் உன்னைத்தான் கேட்டான். ஒரு விஷயம் கேட்டுட்டு வரச் சொன்னான். இன்னிக்குப் போட்டது நெசமான்னு.”

அப்பாவின் கை பின்னால் வந்து என் தோளைப் பிடித்தது. அந்தப் பிடி பேசச் சொல்கிறதா, பேசாதே என்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. “நெசம்” என்றேன்.

“அப்போ இத்தனை நாளா?”

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார். “நான்தான் விழச் சொன்னேன் முதலாளி.”

கோபப்படுவார் என்று காத்திருந்தோம். “ஊரெல்லாம் சொன்னேனே...” என்று மட்டும் முதலாளி தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, “வாங்க, வண்டியில ஏறுங்க” என்றார். காரில் தோப்பும்படிப் பாலம் கடந்து வீடு வரும்வரை, அப்பா சீட்டின் விளிம்பில், முதுகு சாயாமல் உட்கார்ந்து வந்தார்.

வேலையும் வீடும் போகவில்லை. ஆனால் கோதாவை மறுபடி யாரும் கட்டவில்லை. ஆசான் வைப்பின் தீவுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சின்ன முதலாளியை என்னோடு சேரக்கூடாதென்று அவன் அம்மா தடுத்துவிட்டாள். அவன் மாடி ஜன்னலில் நின்று, கட்டுப் போட்ட தோளைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்துவான். அதில் பெருமைதான் இருந்தது. பிறகு அவனைப் பாலக்காட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். முதலாளியும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் அதன்பிறகு அப்பா எடை சொல்லும்போது, முதலாளி அதை எழுதுவதற்கு முன் ஒரு முறை நிமிர்ந்து தராசைப் பார்த்துக்கொள்வார். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னதில்லை. நானே ஒருநாள் கிடங்குக்குப் போனபோது பார்த்தேன்.

இரண்டு பையன்கள் மண்ணில் புரண்டதுதான் விஷயம். மகன் போய்விடுவான் என்று ஒருவர் பயந்தார், ஊன்றிய கால் போய்விடும் என்று மற்றவர் பயந்தார். இருவரும் சேர்ந்து ஒரு மாலைக்குள் ஒரு கோதாவையும் ஒரு நட்பையும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எங்கள் இருவரிடமும் யாராவது முதலிலேயே என்ன நடந்தது என்று கேட்டிருந்தால், ஒரு எலும்புக்குக் கட்டுப் போடுவதோடு முடிந்திருக்கும்.

அப்பா இப்போது எர்ணாகுளம் வைட்டிலாவில் என்னோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஞாபகம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. போன மாதம் என் பேரனும் எதிர்வீட்டுப் பையனும் நடைவழியில் கட்டிப் புரண்டதில், அந்தப் பையனின் முழங்கை கொஞ்சம் சிராய்த்துவிட்டது. இரண்டு பேரும் அடுத்த நிமிடமே சேர்ந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவைக் காணோம். போய்ப் பார்த்தால் எதிர்வீட்டு வாசலில், கால்மிதிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் பதறிப்போய், “அய்யோ அப்பூப்பா, குட்டிகளல்லே! எந்தினா இதெல்லாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள்தானே, எதற்கு இதெல்லாம் என்கிறாள்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். எனக்குக் கோபம். “அவுங்க யாருப்பா நமக்கு? முதலாளியா? யாருன்னு நெனச்சு நீங்க போனீங்க?”

அப்பா மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“யாருன்னு தெரியாதுல்லா,” என்றார். “அதான் போனேன்.”