ஆர்யபடாள் வாசலில் ஒரு பிரெஞ்சுச் சீட்டு

பயண நிறுவனத்து முதலாளியே, உங்கள் பிரெஞ்சுச் சீட்டு பொய் சொல்கிறது.

ஸ்ரீரங்கம் கோயிலில் ஆர்யபடாள் வாசலருகே நிற்கிறேன். காலை பத்து மணிக்கே கல்தரை சுடுகிறது. வேற்று மதத்தினர் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஒரு பிரெஞ்சுப் பெண்மணி கோயில் விதிகளை அச்சிட்டு நீங்கள் கொடுத்த சீட்டை வழிகாட்டி சம்பத்திடம் நீட்டி, எந்த ஆண்டு வரை விட்டீர்கள், நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிறார். சம்பத் தெரிந்த பிரெஞ்சில் ‘ழமே’, எப்போதுமே விட்டதில்லை, என்கிறார். அந்தப் பெண்மணி நம்புவதாக இல்லை. புகார் எழுதப்போவதாகச் சொல்லி நகர்கிறார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன் நான். சம்பத்திடமிருந்து சீட்டை வாங்கிப் பார்க்கிறேன். மறுப்புக்கு ‘பா’ என்ற சொல்லைப் போட்டிருந்தால் அனுமதி இல்லை, அவ்வளவுதான். ‘ப்ளூ’ போட்டிருக்கிறது. முன்பு இருந்தது, இனி இல்லை என்று அர்த்தம்.

“தமிழ்ல யாருங்க எழுதிக் கொடுத்தது?”

“நான்தாங்க. ‘இப்போ உள்ள விடறதில்லீங்க’ன்னு எழுதினேன். வந்தவங்களை முகத்துல அடிச்ச மாதிரி ‘இல்லை’ன்னு சொல்லலாமா?”

“சீட்டுல ஏதோ தப்புன்னு முதலாளிகிட்ட சொன்னீங்களா?”

“மூணு தடவை. உனக்குத்தான் பிரெஞ்சு வரலைங்கிறாரு. இன்னொரு புகார் வந்தா வேற ஆளைப் போட்டுக்குவாராம்.”

அவர் மரியாதைக்குப் போட்ட ‘இப்போ’தான் மொழிபெயர்ப்பில் ‘இனி’ ஆகியிருக்கிறது. அந்தப் பெண்மணியைத் தேடிப் போய் விளக்குகிறேன். சிரித்துவிட்டுப் புகாரை விட்டுவிடுகிறார். நாளைக்கு இன்னொரு குழு வரும். நான் இருக்க மாட்டேன்.

முதலாளியே, ஏசி அறையிலிருந்து பதில் வேண்டாம். இந்த வாசலுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், தப்பு யாருடையது?