அர்த்தக்காரர்

"விண்டோன்னா என்ன? விண்டுன்னா காத்து. கடைசியில வர்ற ஓ, பழைய பாஷையில கண்ணு. காத்தோட கண்ணுங்க!" என்றபடி ஜன்னலைத் திறந்துவிட்டு, கண் காட்ட வந்தவரின் மூக்கில் பார்வை சோதிக்கும் சட்டத்தை மாட்டுகிறார். வந்தவருக்குத் தலைவலி. ஜன்னலைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் அர்த்தக்காரர் என்றே பெயர். ஓர் ஆங்கிலச் சொல் அவர் காதில் விழக்கூடாது. விழுந்தால் அதன் பாட்டன் பூட்டனையெல்லாம் இழுத்து வந்து நிறுத்திவிடுவார். மஸில் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தவரிடம், "மஸில்னா குட்டி எலி. தோலுக்கடியில ஓடுது பாருங்க!" என்றார். எதுகையும் உண்டு: "லைட்டு, சைட்டு. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு ஏது?" பக்கத்துத் தையல்காரர், "இவர்கிட்ட குட்மார்னிங் சொன்னா மத்தியானம் ஆயிடும்" என்பார். அதற்கும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர்தான். வாய்தான் சும்மா இருக்காது.

ஒருநாள் மகள் பெட்டியோடு வந்து கடை முக்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா, எனக்கு இந்த ஹஸ்பெண்ட் வேணாம்ப்பா."

மனம் கலங்கினால் அவருக்கு அழத் தெரியாது, அர்த்தம்தான் வரும். "ஹஸ்பெண்டுன்னா ஆதியில வீட்டுக்குச் சொந்தக்காரன்னு அர்த்தம்மா. நாமளும் வீட்டுக்காரர்னுதானே சொல்றோம்…"

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

பிறகு தானாகவே விலகி, தனியாக அறை எடுத்து, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் மனைவி சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா அந்த வார்த்தைக்கும் அர்த்தம்தானே சொல்லுவீங்க?" என்றாள் மனைவி.

பாவி வாய் என்று தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். என்ன போட்டு என்ன!

போன வாரம் மகள் கடைக்கு வந்தாள். கண் மங்குகிறதாம். அவர் குனிந்து பார்த்தார். அவள் கண்மணிக்குள் குட்டியூண்டாக அவரே நின்றார். ப்யூபில் என்றாலே குட்டிப் பொம்மை என்றுதான் அர்த்தம். எதிரில் இருப்பவர் அதில் பொம்மையாகத் தெரிவதால் வந்த பெயர். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவளுக்குச் சட்டத்தை மாட்டி ஒரு கண்ணாடி வில்லையைச் செருகினார்.

"படிம்மா."

அவள் மேல்வரியில் தொடங்கிக் கடைசிப் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தாள்.

"நல்லாத் தெரியுதுப்பா. இதே போதும்."

அவர் வில்லைப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகினார்.

"இப்போ?"