வீட்டு வரிப் படிவத்தில் இரண்டு பதில்கள்

இன்று டியூட்டி முடிந்து துபாய் அல் குசைஸில் உள்ள தொழிலாளர் கேம்ப்புக்கு வந்ததும், ரூம்மேட் முருகேசன் அண்ணன் தன் ஊர் நகராட்சியின் வீட்டு வரிப் படிவத்தை நீட்டினார்.

"தம்பி, நீயே நிரப்பிடு."

உரிமையாளர் குடியிருக்கிறாரா, வாடகைக்கு விட்டிருக்கிறாரா, வீடு பூட்டியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

அண்ணன் ஆசையாகக் கட்டிய வீடு. பால் காய்ச்சிய மறுவாரமே லீவு முடிந்து இங்கே வந்துவிட்டார். தனியாக இருக்கப் பயந்து அண்ணி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

"பூட்டியிருக்குன்னு எழுதுனா வரி குறையுமாம்ண்ணே."

"வேணாம்டா. முழுசாவே கட்டிக்கிறேன். நான் குடியிருக்கேன்னு எழுது."

எழுதினேன்.

அதற்குக் கீழே, உரிமையாளரின் தற்போதைய முகவரி கேட்டிருந்தது. அண்ணன் தன் மேல்கட்டிலை ஒருமுறை பார்த்தார்.

"இந்த ரூம் நம்பரைப் போடு."

நகராட்சியில் யாராவது இரண்டு பதில்களையும் சேர்த்துப் படித்தால், எதைப் பொய் என்று அடிப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்.