வயல் எஞ்சின் பூட்டிய கார்

எனக்குத் தொழில் படிப்பித்தவர் என்று யாரும் இல்லை. கழற்றிப் பார்த்தேன், திரும்பப் பூட்டினேன், மிஞ்சிய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்படித்தான் மெக்கானிக் ஆனேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் எனக்குத் தகரம் வேய்ந்த கராஜ் ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் அங்கே வந்ததெல்லாம் வயல் சாமான்தான். கரடியனாற்றிலிருந்து தண்ணீர்ப் பம்பு வரும், உன்னிச்சையிலிருந்து இரண்டு சில்லு உழவு மெசின் வரும்.

அந்த உழவு மெசினின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை எங்கள் ஆட்கள் எதில்தான் பூட்டவில்லை! நெல்லுக் குத்தினார்கள், தண்ணீர் இறைத்தார்கள், தோணியில் வைத்து வாவியில் ஓடினார்கள், கரண்ட் இல்லாத கலியாண வீட்டுக்கு லைற் எரித்தார்கள். ஒரு எஞ்சின் நல்லதா கெட்டதா என்று அறிய எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எத்தனை மூட்டை இழுக்கும்?

அந்தக் கேள்விக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதால் நடந்ததுதான் இது.

நகரத்தில் போத்துக்கீச வழிவந்த ஒரு பறங்கி ஐயா இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நிலக்கரியில் தொடங்கி டீசலில் முடித்தவர். எல்லோருக்கும் அவர் ட்றைவர் ஐயா. அவரிடம் ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இரண்டு சீற். மேல்மூடியை மடித்தால் ஆகாயம்தான் கூரை. நிலத்தோடு அவ்வளவு பதிவாக இருக்கும். "இதில ஏறுறன் எண்டு சொல்லப்படாது தம்பி, இதை உடுக்கிறன் எண்டு சொல்லவேணும்" என்பார். நான் அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே அவருடைய பிளக்கைத் துடைத்துக் கொடுப்பேன்.

அவருடைய மனைவியை எல்லோரும் நோனா என்போம். நோனாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. கதிரையும் கட்டிலும்தான் அவருடைய நாட்கள். வீட்டிலோ மகளின் குடும்பம், இடம்பெயர்ந்து வந்த சொந்தக்காரர் என்று எந்த அறையிலும் ஆட்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஐயா நோனாவைத் தூக்கிக் காரில் இருத்தி, கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரை வீதியால் ஒரு சுற்றுக் கொண்டுவருவார். அரை மணித்தியாலம் வரும். நோனா காற்றுப் பட்டதும் வெளியைப் பார்த்ததும் புருசனோடு தனியே கதைத்ததும் கிழமைக்கு அந்த அரை மணித்தியாலம்தான். கராஜ் வாசலால் போகும்போது அவர்களுடைய போத்துக்கீசப் பேச்சு காதில் விழும். ஒரு சொல்லும் விளங்காது, சிரிப்பு மட்டும் விளங்கும்.

பிறகு பாதை பூட்டுவதும் திறப்பதுமாய் இருந்த ஒரு பருவத்தில் பெற்றோல் ஊருக்கு வராமல் போனது. வெள்ளாமைக்காரருக்கு மட்டும் துண்டு எழுதிக் கொஞ்சம் டீசல் கொடுத்தார்கள். ஐந்து ஞாயிறு நோனா கதிரையை விட்டு அசையவில்லை. ஆறாம் கிழமை ஐயா கராஜுக்கு வந்தார்.

"அவ சன்னலால ரோட்டைப் பார்த்துக்கொண்டு இரிக்கா தம்பி. நான் அவ பார்க்கிறதைப் பார்க்காத மாதிரி இருக்கிறன். மண்ணெண்ணெயில ஓட்டலாம் எண்டு சொல்றாங்களே, சரிவருமா?"

"அது பிஸ்டனைத் தின்னுபோடும் ஐயா. உழவு மெசின்ட எஞ்சின் ஒண்டை இறக்கிவிடுவம். மச்சானுக்கு உன்னிச்சையில ஒரு வயல் வட்டை இரிக்கி, துண்டுக்கு டீசல் வரும்."

ஐயா சிரித்தேவிட்டார். "ஸ்போர்ட்ஸ் காருக்கா?"

"இருவது மூட்டை இழுக்கிற சாமான் ஐயா. உங்க ரெண்டு பேரையும் இழுக்காதா? நோனா ஒரு மூட்டைக்கும் காணமாட்டா."

"இது பாரம் இழுக்கச் செய்த காரில்ல மனே. நான் டீசலும் ஓட்டினவன், எனக்கு அதோட கோவம் ஒண்டுமில்ல. டீசல் வேலை செய்யும். விளையாடாது. இது விளையாடச் செய்த சாமான்."

"இப்ப உள்ள இரிக்கிற எஞ்சின் மட்டும் என்ன ஐயா, தையல் மெசின் அளவுதானே?"

"சின்னனா இருந்தா என்ன? அந்தச் சின்னனுக்கு அளவா உடம்பைச் செய்திரிக்கான். அது கூவிக்கொண்டு சுழலும். உன்ட சாமான் இடிச்சு இடிச்சுத்தானே சுத்துது?"

பம்பு திருத்த வந்து குந்தியிருந்த கரடியனாற்று வெள்ளாமைக்காரர் ஒருவர் இடையில் விழுந்தார். "பூட்டிப் பாருங்க ஐயா. மறுகா மனம் வந்தா கலப்பையையும் கொழுவலாம்தானே!"

கராஜே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனால் போகும்போது படலையில் நின்று, "வாற ஞாயிறுகளை நினைச்சுத்தான் ஓமெண்டு சொல்றன். செய்" என்றார்.

மூன்று கிழமை வேலை. கைவசம் கிடந்த ஒரு எஞ்சினைப் பழைய சட்டத்தில் மரக்குற்றி வைத்துத் தற்காலிகமாக இருத்தினேன். பெல்ட் போட்டு அதைக் கியர்ப் பெட்டியோடு இணைத்தேன். பொனற்றில் ஒரு ஓட்டை வெட்டிப் புகைக்குழாயை நட்டுக்கு நிற்க வைத்தேன். பழைய எஞ்சினைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன். இந்த ஊரில் இப்படி ஒரு வேலை செய்தவன் இல்லை என்று எனக்குள் ஒரு கொழுப்பு. அது முகத்திலும் வடிந்திருக்கும்.

முதல் ஞாயிறு கைபிடியைச் சுற்றி நானே ஸ்டார்ட் பண்ணினேன். கார் முழுக்கக் குளிர்க்காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. பின் கண்ணாடியில் ஒரு தென்னை இரண்டு தென்னையாகத் தெரிந்தது. நோனா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வழங்குகிற கையால் கதவை இறுக்கிப் பிடித்தார். சைக்கிள் ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. நான் பாலம் வரை என் சைக்கிளில் பின்னால் போனேன். சத்தத்தைக் கேட்டு உழவு மெசின் வருகிறது என்று எட்டிப் பார்த்த காவலரண் ஆமிக்காரர் காரைக் கண்டதும் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுச் சிரித்தார். "மாத்தயா, நெல்லு எங்க?"

அவர்கள் திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "எப்பிடி நோனா?"

"நல்லா ஓடுது மனே. நாங்க வாறது கடலுக்கும் கேட்டிரிக்கும். கதைக்கத்தான் ஏலாது."

பகிடி என்று நினைத்து எல்லோரையும் விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன்.

இரண்டாம் ஞாயிறு நோனாவுக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. மூன்றாம் ஞாயிறு முதுகுக்கும் ஒன்று. "ராசாத்தி மாதிரி இருந்து போறா" என்று சந்தையில் சொல்லித் திரிந்தேன். குலுக்கம் மரக்குற்றியால்தான் என்பது என் முடிவு. அந்தக் கிழமையே பழைய எஞ்சின் இருந்த சட்டத்தைக் காஸ் கொண்டு வெட்டி எறிந்துவிட்டு, உழவு மெசின் இரும்பை வைத்து ஒட்டினேன். பழைய எஞ்சினை வாவியில் மீன் பிடிக்கிற ஒருவர், மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று, தோணிக்குக் கேட்டார். ஐயாவிடம் போய்க் கேட்டேன். "நோனா நல்லாயிரிக்கி எண்டுதானே சொல்றா. குடு" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மனிதர் சொல்வதையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிறவன் என்று எனக்கு நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். சொல்லும்போது முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலாம் ஞாயிறு டீசல் கலனோடு போனேன். "இண்டைக்கு அவ வரல்ல" என்றார் ஐயா. ஐந்தாம் ஞாயிறும் அதே பேச்சு. நான் விடவில்லை, உள்ளே போய் நோனாவிடமே கேட்டேன். அவர் சன்னலருகே இருந்தார்.

"இப்ப இறுக்கி ஒட்டியிரிக்கன் நோனா. ஒருக்கா வந்து பாருங்க."

"கொஞ்சம் உடம்பு சரியில்ல மனே. நல்ல கார்தான்."

ஐயாவுக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றுதான். "நல்ல கார்! சொல்லட்டா தம்பி? முதல் நாள் வந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமப் போச்சு இவவுக்கு. வழங்குற கையால! ரெண்டு நாளாக் கை நடுங்கினது. விழுந்த பக்கம் நோவெண்டா நோவு. உன்னட்டச் சொல்லாத எண்டு என்ட வாயைக் கட்டிப்போட்டா. மூணு கிழமை பாடுபட்ட மனுசன், முகம் வாடிப்போயிடுமாம்."

"இப்ப என்னத்துக்கு அதெல்லாம்" என்றார் நோனா.

நான் நோனாவின் பக்கம் திரும்பினேன். "முதல் கிழமையே ஒரு சொல் சொல்லியிருந்தா அப்பவே கழட்டியிருப்பன் நோனா. பழைய எஞ்சினும் இருந்தது, சட்டமும் இருந்தது."

நோனா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை இன்று எழுதியிருக்கவும் மாட்டேன். "சொன்னனே மனே," என்றார். "கதைக்க ஏலாது எண்டு சொன்னன். நீ சிரிச்சாய்."

மறுநாளே அந்த மீன்காரரைத் தேடிப் போனேன். எஞ்சின் உப்புத் தண்ணீர் குடித்து இறுகிவிட்டிருந்தது. மடியைப் பிடித்துக் கேட்க அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அது சரியாகியிருந்தாலும் அதை வைக்கச் சட்டம் இல்லை. நான் வெட்டி எறிந்த இரும்பு போல இன்னொன்று செய்ய, அளவு எடுத்து வைக்காமல் வெட்டியவனும் நான்தான்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். டீசல் எஞ்சினைக் கழற்றினேன். கார் வெறும் உடம்பாகிப் பாரம் குறைந்தது. அடுத்த ஞாயிறு ஐயாவிடம், "நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க, நான் தள்ளுறன்" என்றேன். ஐயா மறுத்தார். நோனா மறுக்கவில்லை. பாலம் வரை போக முடியாது. வாவிக்கரை ஒழுங்கையால் ஆலடி வரை போவோம், திரும்புவோம். ஐந்தாறு ஞாயிறு அப்படி நடந்தது. சத்தமில்லை, நடுக்கமில்லை. அவர்கள் கதைத்தார்கள். ஆனால் கடலில்லை, முகத்தில் அடிக்கிற காற்றும் இல்லை. நான் எவ்வளவு மூச்சிரைக்கத் தள்ளினாலும் நோனாவின் தலைத்துணியின் ஓரம் அசையவில்லை. அதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

பிறகு பாதை திறந்து பெற்றோல் வந்தது. ஊரில் வாகனங்கள் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி எழும்பின. அது வந்த கிழமை ஞாயிறும் நாங்கள் மூன்று பேரும் ஒழுங்கையில்தான் நின்றோம். யாரோ ஒருவரின் சின்னக் கார், சன்னல்களெல்லாம் இறக்கிவிட்டு, எங்களைக் கடந்து பாலத்துப் பக்கம் போனது. பெற்றோல் எஞ்சினின் அந்த இலேசான சத்தம். இருவரும் கதையை நிறுத்தினார்கள். வளைவில் அது மறைகிறவரை நோனா பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்வாரோ என்று நான் பயந்தேன். ஐயா ஸ்டியரிங்கை வீட்டுப் பக்கம் திருப்பினார். நான் குனிந்து தள்ளினேன்.