வராதவருக்கு ஆக்கிய சோறு

எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருப்பவள் கொங்கோ நாட்டுக்காரி. கல்முனையில் நின்றுகொண்டு கொங்கோ எந்தப் பக்கம் என்று கேட்டால் எனக்குக் கைகாட்டத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கட்டாரில் ஒரு பெரிய சமையலறையில் சில வருடம் வேலை செய்தபோது ஆபிரிக்காக்காரர் பலர் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தார்கள். அவர்களோடு கதைத்துக் கதைத்து வந்த இங்கிலீஷ்தான் இன்றைக்கும் என்னிடம் உண்டு. உப்பு, நெருப்பு, கவனம், கெதியா, இதற்கு மேலே போனால் தடுமாறும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பெரிய கிடாரம் வைத்துச் சோறாக்கிக் கொடுப்பதுதான் தொழில். கலியாண வீடு என்றால் புரியாணி. மௌத்தான வீடு என்றால் கத்தச் சோறு. இறந்தவருக்காக ஓதி, அயலுக்குச் சோறு பகிர்வதைத்தான் நாங்கள் கத்தம் என்போம். இப்போது சிலர் கத்தம் கூடாது என்கிறார்கள். சோற்றுப் பார்சல் வாசலுக்கு வந்தால் அவர்களும் திருப்பி அனுப்புவதில்லை.

கிறிஸ்மஸ் சாப்பாடு ஆக்க என்னைக் கூப்பிட்ட பழக்கத்தில் தேவாலயத்துப் போதகர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். முன்பு கொழும்பில் வேலை செய்தபோது அவருக்கு இந்தப் பெண்ணைத் தெரியுமாம். சண்டையில் ஊரை விட்டு ஓடியவர்கள் அவளும் புருசனும். ஏஜெண்ட் ஒருவன் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி, முதலில் அவளை மட்டும் ஏற்றி, கொழும்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பின்னால் வருவதாகச் சொன்ன புருசனுடைய போன் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. ஏதாவது ஒரு நாடு கூப்பிடும்வரை அகதி என்று பதிந்துகொண்டு இருக்கிறாள். கொழும்பில் வாடகைக்கு ஏலாமல் போய்விட்டது. சபை ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், ஓர் அறை மட்டும் வேண்டும் என்றார்.

நான் உடனே ஓம் சொல்லவில்லை. பொலிஸ் வந்து கேட்டால்? பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார் கூப்பிட்டு விசாரித்தால்? அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாருடைய பேரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது? இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி பின்னறையைக் கூட்டத் தொடங்கிவிட்டாள்.

"உங்கட நெஞ்சுக்குள்ள எப்பவும் ஒரு கிடாரம் கொதிச்சிக்கிட்டுத்தான் இரிக்கும். அதுக்காக அறையப் பூட்டி வைக்க ஏலுமா?" என்றாள்.

வந்தவள் என் மனைவியைப் பார்த்து ராத்தா என்று கூப்பிடவும், என்னைக் காக்கா என்று கூப்பிடவும் சீக்கிரமே பழகிக்கொண்டாள். கூடப்பிறந்த தங்கச்சி அக்காவையும் அண்ணனையும் கூப்பிடுவதுபோல இருக்கும். தமிழும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தெருத் தமிழ்தான் வந்தது, நாலு பேர் வேகமாகக் கதைத்தால் விளங்காது.

அவள் ஜெபம் பண்ணுவதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள், வேதக்காரர் என்போம், கண்ணை மூடி, வாய்க்குள்ளே முணுமுணுத்து முடித்துக்கொள்வார்கள். இவள் அப்படியில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு நான் வரும் நேரத்தில் அறைக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டு, கையை உயர்த்தி, உரத்த குரலில் கடவுளோடு வழக்குப் பேசுவதுபோல ஜெபிப்பாள். நடுவில் பாட்டு. பிறகு மறுபடியும் வழக்கு. புருசனைக் கேட்கிறாள் என்று போதகர் சொன்னார். அவர் உயிரோடு இருக்கிறார், அவரை என்னிடம் சேர்த்துவிடு என்பதுதான் ஒவ்வொரு நாளும்.

நான் பயந்தபடி ஒருநாள் மரைக்கார் வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"தம்பி, உங்கட வீட்டுல அது என்ன சத்தம்?"

"அந்தப் புள்ள ஜெபம் பண்ணுது, மரைக்கார். நான் சொல்லி வைக்கிறன். மெதுவாச் சொல்லச் சொல்றன்."

"நான் ஒண்டும் சொல்லல்லியே. என்ட வீட்டுல இருக்கிறதுகள் இன்னம் படுத்துக் கிடக்குதுகள். இந்தப் புள்ளயப் பாத்துப் படிக்கச் சொன்னன் எண்டு சொல்லத்தான் வந்தன்."

அவர் போன பிறகும், அவர் உண்மையாகத்தான் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது போதகர் அவசரமாக வந்தார். கொழும்பிலுள்ள அகதிகள் காரியாலயத்திலிருந்து பேசினார்களாம். வேறொரு நாட்டு முகாமில் ஓர் ஆள் இருக்கிறார். பேரும் பிறந்த ஊரும் இவள் சொன்னவற்றோடு ஒத்துப் போகிறது. படம் வரவேண்டும், பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

அவள் எங்கள் வீட்டு மண்டபத்தில் முழங்காலில் இருந்து நெற்றியை நிலத்தில் வைத்தாள். எழும்பியதும் முதல் பேச்சே என்னோடுதான்.

"காக்கா, ஞாயிறு சோறு ஆக்குவம். தெரு முழுக்கக் குடுப்பம்."

"பொறு புள்ள. படம் வரட்டும். ஆள் வரட்டும். நானே ஆக்கித் தாறன்."

"வந்த பொறகு எல்லாரும் ஆக்குவாங்க."

நான் போதகரைப் பார்த்தேன். அவரும் என்னைப் போலத்தான் நின்றார். "மகள், எங்கட சபையிலயும் காரியம் நடந்த பொறகுதான் ஸ்தோத்திரம் செலுத்துறது" என்று மெதுவாகச் சொன்னார். அவள் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னாள். போதகர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அவங்கட ஊர்ச் சபையில கிடைக்கிறத்துக்கு முதலே நன்றி சொல்லிருவாங்களாம். கையில வந்த பொறகு நன்றி சொல்றத்துக்கு விசுவாசம் தேவையில்லையாம். இத நான்தான் பிரசங்கத்துல சொல்லியிருக்கணும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. நடக்காத காரியத்துக்கு அடுப்பு மூட்டுவதென்றால், நாளைக்கு அது நடக்காமல் போனால் அந்தச் சோற்றை என்னவென்று சொல்வது? ஆனால் சபை ஆட்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் கிடாரத்தை இறக்கினேன்.

புரியாணி ஆக்க இது கலியாணமும் இல்லை. அதனால் கைக்குப் பழகிய மற்றச் சாப்பாட்டையே ஆக்கினேன். வெள்ளைச் சோறு, இறைச்சிக் கறி, பருப்பு, பூசணிக்காய். லஞ்ச் சீட்டில் சுற்றி, பேப்பரில் கட்டி என் மனைவி அடுக்கினாள். தேவாலயத்திலிருந்து வந்தவள் உடுப்பை மாற்றவில்லை. வெள்ளைச் சட்டை, தலையிலும் வெள்ளைத் துணி. அவளுடைய ஊரில் சந்தோஷ ஆராதனைக்கு அதுதான் உடுப்பாம். அப்படியே ஒவ்வொரு வாசலாகப் போய், "சாப்பிடுங்க ராத்தா" என்று மட்டும் சொல்லிப் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் வெள்ளை உடுத்தால் அவள் இத்தா இருக்கிறாள், புருசனை இழந்தவள் என்று அர்த்தம். பகல் நேரத்தில் வீடு வீடாக வருகிற வெள்ளைச் சோறும் இறைச்சியும் பருப்பும் பூசணிக்காயும் என்ன சோறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதெல்லாம் எனக்கோ என் மனைவிக்கோ அந்த நேரத்தில் மூளையில் தட்டவில்லை. கறிக்கு உப்புக் கூடிப்போச்சா என்ற கவலையில் நான் இருந்தேன்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. சீனி, தேயிலை, பிஸ்கட். பாயை விரித்து இருந்தார்கள். முன்வீட்டு மச்சி, யாரையும் அரட்டிப் பேசுகிறவள், பின்னறைக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இந்தச் சின்ன வயசுல... ஆரும் இல்லாத ஊர்ல வந்து கிடந்து... என்ட மகளே."

மற்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். அவளோ, தன்னோடு சேர்ந்து நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கும் கண்ணீர் வந்தது. கையை உயர்த்திப் பாடத் தொடங்கினாள். அவள் பாடப் பாட இவர்கள் இன்னும் அழுதார்கள்.

"வேதக்காரருக்கு ஒப்பாரி இப்படித்தானா கா?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொன்னால் வந்தவர்களுக்கு வெட்கம். சொல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற மனிசனுக்கு மௌத்து வீடு நடந்துகொண்டிருக்கிறது. நான் குசினிக்குள் போய் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு நேரே மண்டபத்துக்கு நடந்தாள்.

"என்னகா அழுறீங்க? ஆள் மௌத்தாகல்ல. ஆள் கிடைச்சிட்டாராம். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் சோறு."

முன்வீட்டு மச்சி மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப ஏன்கா கத்தச் சோறு ஆக்கினான் உன்ட புருசன்?"

"அவருக்கு வேற என்ன தெரியும்?"

"விசரன். என்ட கண்ணீரெல்லாம் வீணாப் போச்சு." பிறகு அவளே சிரித்துவிட்டாள். ஒருத்தி சீனிப் பையை மெல்ல மடிக்குள் இழுத்தாள். "சீ, கொண்டுவந்த சாமானைத் திருப்பிக் கொண்டு போறதா? வையடி அதை" என்று மச்சி அதட்டினாள்.

எல்லாரும் சிரிக்கும்போது பின்னறைக்காரி மட்டும் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் இருந்த சமையலறை இங்கிலீஷில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் உன் புருசன் மௌத்தாகிவிட்டார் என்று நினைத்து வந்தார்கள் என்றேன். அவளுடைய முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. சுவரோரம் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இவங்க எல்லாரும் அவருக்கா அழுதாங்க?"

"ஓம்."

"அவர் பேரும் தெரியாதே இவங்களுக்கு."

அவருடைய பேரை அவள் அப்போது சொன்னாள். பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வாயில் சரியாக நுழையவில்லை.

பிறகு படம் வந்தது. போதகர் தன் போனைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்ல முகம்" என்றாள். "ஆனா என்ட ஆள் இல்ல."

பேரும் ஊரும் ஒன்று, ஆள் வேறு. அவள் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இவருட பொஞ்சாதி எங்க? அவளுக்கு ஆராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். காரியாலயத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் அவர்.

அடுத்த நாள் காலையில் பின்னறையில் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் எழும்பினாள், முகம் கழுவினாள், என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. சத்தம் போடுகிறாளே என்று கவலைப்பட்டவன், சுபஹு முடிந்து வந்து கிணற்றடியில் சும்மா நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மரைக்காரும் பள்ளியில் வைத்து, "புள்ளைக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், தெருவுக்கு விசயம் அப்படித்தான் தெரியவந்தது.

பெண்கள் மறுபடியும் வருவதைப் பார்த்தபோது நான் பின்னறை வாசலில் போய் நின்றேன். அன்றைக்குச் செய்ததைத் திரும்பவும் செய்யப் போகிறார்கள், அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஒருவர் கையிலும் பை இல்லை. முன்வீட்டு மச்சி பின்னறைக்குள்ளேயே போய்க் கட்டிலில் இருந்துகொண்டாள்.

"இஞ்ச பார் புள்ள. நாங்க அழ வரல்ல. அண்டைக்கு அழுதது போதும். ஆளையே இன்னம் காணல்ல, அதுக்குள்ள ஒராளுக்கு ரெண்டு தரம் ஆரு அழுவா?"

நான் வாசலில் நின்று தெரிந்த சொற்களில் மொழிபெயர்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"நன்றி சொல்லிட்டன், ராத்தா. அவர் வரல்ல. இப்ப அந்த நன்றிய என்ன செய்ய?"

எனக்கு இந்தக் கேள்வி முன்பே தெரியும். அடுப்பு மூட்டும்போது நான் பயந்தது இதற்குத்தான். போதகர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

"என்ன செய்யிறது?" என்றாள் மச்சி. "நாங்க சீனியத் திருப்பி எடுத்தமா? குடுத்தது குடுத்ததுதான். அது அங்க கிடக்கட்டும்."

நான் இங்கிலீஷில் சொன்னது அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ எனக்குத் தெரியாது. சீனி என்ற சொல்லுக்குச் சிரித்தாள். நாங்கள் அந்தச் சீனியில்தான் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

எழும்பிப் போகும்போது மச்சி என் பக்கம் திரும்பினாள். "மச்சான், அந்தாள் வாற அண்டைக்குப் புரியாணி ஆக்கணும். திரும்பவும் பூசணிக்காய வெட்டிக்கிட்டு நிண்டீங்க எண்டா நான் கிடாரத்தோட தூக்கிக் கடலுக்குள்ள போட்டுருவன்."

மறுநாள் சுபஹுக்குப் பிறகு பின்னறையில் நடக்கிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு வழக்கமான வழக்கு. புருசனுடைய பேர் இரண்டு மூன்று தரம் வந்தது. படத்தில் இருந்த ஆளுடைய பொஞ்சாதிக்காகவும் கேட்டாளாம், பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். எந்த நாடும் கூப்பிடவில்லை, எந்த முகாமிலிருந்தும் தகவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வெள்ளை உடுப்போடு தெருவால் போகிறாள், இப்போது யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. எனக்குத்தான் புதிதாக ஒரு கவலை. அந்த ஆள் திடீரென்று வந்து நின்றால் ஒரு தெருவுக்குக் காணக்கூடிய புரியாணிக்கு என் கிடாரம் போதுமா என்று. பக்கத்து ஊரில் இன்னும் பெரியது ஒன்று இருக்கிறது. கேட்டு வைத்திருக்கிறேன். எப்போது வேண்டும் என்றார்கள். நாள் இன்னும் தெரியாது, ஆனால் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.