கடைசிப் பெண்ணின் வீடு

நான் ஊரில் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் கூடினால் மூலையில் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கதையை எழுதி உங்கள் நேரத்தை எடுப்பது சரியில்லைத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் இதை யாருக்கும் சொல்ல முடியவில்லை. சொன்னால், தாய் தங்கச்சியோடு இருப்பதில் உனக்கென்ன எரிச்சல் என்பார்கள். எரிச்சல்தான்.

அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாக இருந்தார். இதயம் பலவீனம், கால் வீங்கும், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். எனக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்ததும் அம்மாவை ஸ்பொன்சர் பண்ணப் போகிறேன் என்று இங்கேயே ஒஷாவா நகரில் இருக்கும் தங்கச்சியிடம் சொன்னேன்.

"விசர் வேலை அக்கா. அம்மான்ரை வருத்தத்துக்கு மெடிக்கலிலை தட்டிப்போடுவாங்கள்," என்றாள்.

தாய் தகப்பனைக் கூப்பிடக் காத்திருப்பவர்கள் கனபேர். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். விழாத வருடங்களில், வருமானம் காட்ட வேண்டுமே என்று, பேக்கரி வேலை முடிந்து ஒபிஸ் துப்புரவுக்கும் போனேன். ஒருமாதிரிப் பெயர் விழுந்தது. மெடிக்கல் பரிசோதனையிலும் அம்மாவைத் தட்டிவிடவில்லை. இருபது வருடத்துக்கு அம்மாவின் பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்து வைத்தேன். எல்லோரும் அந்த இடத்தில் பயப்படுவார்களாம். எனக்கு அம்மா இனி என்னுடையவர் என்று பட்டது.

வோபர்னில் எங்கள் அப்பார்ட்மெண்டில், மகள் கல்யாணம் கட்டிப் போனபின் சும்மா கிடந்த அறையை அம்மாவுக்கு ஒழுங்குபடுத்தினேன். குளிக்கும் இடத்தில் கைபிடி பூட்டுவித்தேன்.

வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மா என்னோடு மரியாதையாக நடந்துகொண்டார். அதுதான் முதலில் உறைத்தது. உப்பில்லாத சொதியை ஊற்றினால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். "காணும் பிள்ளை, நீ கரைச்சல்படாதை" என்பார். தலை இழுத்துவிடப் போனால் சீப்பைத் தன் கையில் வாங்கிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி வருவாள். அவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அம்மாவின் குரல் மாறிவிடும்.

"அடியே, உதென்ன தலை? கோழி கிளறினமாதிரி."

"உங்கடை தலையைக் கண்ணாடியிலை பாத்தனீங்களே? இஞ்சாலை திரும்புங்கோ, இழுத்துவிடுறன்."

அம்மா திரும்பித் தலையைக் கொடுப்பார். நான் குசினிக்குள் நின்று தேத்தண்ணி போடுவேன். எனக்கு ஒரு ஏச்சுக்கூடக் கிடைத்ததில்லை. ஒருமுறை அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை அம்மா விரலால் வழித்துச் சாப்பிட்டார். உப்புக் கூடாது என்று டொக்டர் சொன்னவர் என்றேன்.

"ஒரு கரண்டியிலை உயிர் போகாது அக்கா."

இரண்டு பேரும் ஆஸ்பத்திரித் தாதியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு, அம்மாவின் சூட்கேஸ் கட்டிலில் திறந்து கிடந்தது.

"குறை நினையாதை பிள்ளை. நான் சின்னவளோடை போய் இருக்கப்போறன்."

"இஞ்சை என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்லை. கடைசிப் பெட்டையோடைதானே தாய் இருக்கிறது. வீடும் அவளுக்குத்தானே எழுதினது."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எனக்குச் சீதனமாகக் காணி வந்தது. பெற்றோர் இருந்த வீடு கடைசிப் பெண்ணுக்கு. அவர்களும் கடைசிவரை அவளோடுதான் இருப்பார்கள்.

"அம்மா, நீங்கள் எழுதின வீடு ஊரிலை பூட்டிக் கிடக்கு. ஒஷாவாவிலை இருக்கிறது அவையள் வாங்கின வீடு. அங்கை படியும் ஏறவேணும்."

"எங்கை இருந்தாலும் அவளின்ரை வீடு அவளின்ரை வீடுதானே."

வாசலில் நின்ற தங்கச்சியின் கணவர் சொன்னார்: "படி ஏறத் தேவையில்லை அக்கா. சாப்பாட்டு மேசையைக் கராஜுக்குள்ளை தள்ளிப்போட்டு மாமிக்குக் கீழையே கட்டில் போட்டிட்டம். இனி நாங்கள்தான் நிண்டுகொண்டு சாப்பிடவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கட்டில் போட்டு முடிந்த பிறகுதான் எனக்குச் சொல்கிறார்கள்.

"கையெழுத்து வைச்சது நான்," என்றேன்.

"ஓம் பிள்ளை. அதைத்தானே ஊரிலை எல்லாருக்கும் போனிலை சொல்லுறன். நீ இல்லையெண்டால் நான் இஞ்சை வந்திருப்பனே?"

தங்கச்சிக்கு அவர் ஒருநாளும் இப்படி நன்றி சொன்னதில்லை.

நானே உடுப்புகளை மடித்து வைத்தேன். மருந்துக் குளிசைப் பெட்டியையும் வைத்தேன். கீழே காரில் அம்மாவை முன்சீற்றில் இருத்தித் தங்கச்சி பெல்ற்றை இழுத்தாள். "இறுக்காதையடி, மூதேசி!" என்று அம்மா கத்தினார். கார் திரும்பிப் போகும்வரை கையசைத்தேன். அங்கே ஒத்துவராமல் அம்மா திரும்பி வந்துவிட வேண்டும் என்று அந்த இடத்தில் நின்றே விரும்பினேன். இப்போதும் விரும்புகிறேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மத்தியான இடைவேளையில் தங்கச்சி போன் எடுத்து, கால் வீக்கத்துக்கு எந்தக் குளிசை என்று கேட்டாள். சின்ன வெள்ளைக் குளிசை, காலமை ஒன்று என்று சொன்னேன்.