எண்ணெய்க் குளியலில் பாதியில் எழுந்து வந்தவர்

முருகனை நம்புகிற எல்லாருக்கும் என் வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதியும் பழக்கமில்லை. தென்காசியில் ஓர் அச்சகத்தில், அடுத்தவர் எழுதியதை எழுத்து எழுத்தாகக் கோக்கிற வேலை எனக்கு. ஆனாலும் இதை நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் தப்பு என்னுடையது.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஐந்தருவிக்கு மேலே மலைக்குள் என் சிநேகிதன் சங்கரன் தொடை கிழிந்து கிடந்தான். இரண்டு துண்டு, ஒரு வேட்டி எல்லாம் சுற்றிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. அவனுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையை நான்தான் அச்சுக் கோத்திருந்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு அந்த வழுக்குப் பாதையில் இறங்க முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் முருகன்மேல்.

அந்தக் கோபம் அன்றைக்கு முளைத்ததல்ல. மூன்று தடவை அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதினேன். மூன்று தடவையும் பக்கத்து ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். மூன்று தடவையும் போச்சு. எங்கள் தெருவில் ஒரு விளக்குக்கூட ஏற்றாதவன் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா கூப்பிட்டால் எரிந்து விழுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆய்க்குடிக்கு பஸ் ஏறினாள். நான், சங்கரன், இன்னொரு சிநேகிதன் கணேசன் மூன்று பேரும் சைக்கிளில் மலை ஏறுவதென்று முடிவு செய்திருந்தோம். ஐந்தருவியைத் தாண்டி, எஸ்டேட் ஜீப் போகிற பாதையில் போனால் மேலே ஓர் ஓடை வரும், அங்கே ஆளே இருக்காது, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் ஒரே இறக்கமாக இறங்கிவிடலாம் என்று கணேசன் ஆசை காட்டினான். சொந்தச் சைக்கிள் எங்களில் யாருக்கும் கிடையாது. வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

வாடகைக் கடை மாடசாமி அண்ணாச்சி இருக்கிறாரே, அவர் தன் சைக்கிளைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்ப்பவர். கேரியரில் ஆள் வைக்கக் கூடாது, மேட்டில் நின்று மிதிக்கக் கூடாது, சாரலில் நனைக்கக் கூடாது. மலைக்கு என்றால் கடை வாசலிலேயே கால் வைக்க முடியாது.

"எங்கன போறிய மூணு பேரும்?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "ஆய்க்குடிக்கு அண்ணாச்சி. முருகனைக் கும்பிடப் போறோம்" என்றேன்.

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. உள்ளே போய்ப் புது டயர் போட்ட சைக்கிளாகப் பார்த்து மூன்றை எடுத்து வந்தார். "சாரல் அடிக்கும்லே. நனைஞ்சா ரிம்மு துருப்பிடிச்சிரும். துருவோட கொண்டாந்தா தொலைச்சுப்பிடுவேன், ஆமா" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோங்க" என்றார்.

சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

சிரிப்பு ஐந்தருவிவரைதான். அதற்குமேல் எல்லாம் எரிச்சல். மிதித்தது பாதி, தள்ளியது பாதி என்றுகூடச் சொல்ல முடியாது, தள்ளியதுதான் முக்கால். ஜீப் பாதை என்பது பேருக்குத்தான். உருண்டைக் கல்லும் சேறும். கணேசன் சைக்கிளில் சங்கிலி பத்தடிக்கு ஒருதரம் கழன்றது. என் டயரில் முள் ஏறியது. பஞ்சர் ஒட்டும் சாமான் கொண்டு வருகிறேன் என்றவன் சங்கரன். அவன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். "கல்யாண மாப்பிள்ளைக்கு ஞாபகம் எங்கன இருக்கும்" என்று கணேசன் கிண்டல் செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே ஏறினேன். இதற்கு அம்மாவோடு பஸ்ஸில் போயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல்பட்டேன்.

ஓடை வந்ததும் கொஞ்சம் மனசு ஆறியது. குற்றாலத்துப் பக்கம் வந்தவன் எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரில் இறங்குவானா? ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டு போயிருந்தோம். தலையில் வைத்து, உடம்பெல்லாம் ஊறவிட்டு, குளித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாரல் விடாமல் தூறியது. சைக்கிள் மூன்றும் நனைந்து நின்றன. எனக்கு அண்ணாச்சி சொன்னது நினைவு வந்தது. பாட்டிலில் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. துணியில் நனைத்து மூன்று சைக்கிளுக்கும் ரிம்மெல்லாம் பளபளவென்று தேய்த்துவிட்டேன். துருப்பிடிக்காது பார் என்று பெருமை வேறு.

எண்ணெய் தடவிய ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அந்த நேரம் தெரியவில்லை. மனசில் இருந்தது அண்ணாச்சியின் வசவு ஒன்றுதான்.

சங்கரன்தான் முதலில் ஏறினான். என் சைக்கிள் பஞ்சர். கணேசன் இன்னும் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். பத்து முழம் போயிருக்கமாட்டான், "ஏலே, பிரேக்கு பிடிக்கலலே!" என்று ஒரு சத்தம். வளைவில் ஆள் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பாதைக்குக் கீழே இரண்டு ஆள் உயரப் பள்ளத்தில் அவன் கிடக்கிறான், சைக்கிள் அவன்மேல். பிரேக் கம்பி தொடையில் இறங்கியிருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து எப்படியோ அவனையும் சைக்கிளையும் பாதைக்கு ஏற்றினோம். கணேசன் ஆள் கூட்டிவர நடந்தே இறங்கினான். போக ஒன்றரை மணி, வர அதற்கு மேல். அதற்குள் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சங்கரன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "குளிருதுலே சண்முகம்" என்றான். என் சட்டையைப் போர்த்தினேன். அப்போது பக்கத்தில் கிடந்த சைக்கிள் ரிம்மில் என் கை பட்டது. வழுக்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடியார்களே, நான் பக்தியோடு வேண்டவில்லை. சண்டைதான் போட்டேன். வாய்விட்டுக் கத்தினேன். "உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னது நான். எண்ணெய் போட்டது நான். விழுந்தது அவன். இது என்னய்யா நியாயம்? எனக்கு உத்தியோகம் தரல, சரி, போ. இவனுக்கு உயிரைக் குடு. யாரையாவது அனுப்பு. எவனா இருந்தாலும் சரி. அனுப்பினா உன் ஆய்க்குடிக்கு நிஜமாவே வாறேன், படிப்பாயசம் போடுதேன்." கத்திவிட்டுத்தான் அழுதேன். அதற்கு முன்னால் நான் சாமி முன்னால் அழுததே இல்லை.

சாரல் நின்றதா, மயில் வந்ததா என்று கேட்காதீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரத்தத்தை அழுத்திப் பிடித்த கை மரத்துப்போயிற்று. இன்னும் கோபமாக இருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். கீழே ஜீப் உறுமும் சத்தம். அதற்கு மேலாக ஒரு மனிதக் குரல். வசவு. எங்கள் பக்கத்து வசவில் எத்தனை வகை உண்டோ அத்தனையும். வளைவில் திரும்பிய எஸ்டேட் ஜீப்பில், அரிசி மூட்டைமேல் மாடசாமி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். தலைமுதல் கால்வரை எண்ணெய்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. மத்தியானத்தோடு கடையை அடைத்துவிட்டு அவர் ஐந்தருவிக்குக் குளிக்க வந்திருக்கிறார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வடைக்கடையில் நின்றபோது, மட்கார்டில் கடைப்பேரைப் பார்த்திருந்த கடைக்காரர், "உங்க சைக்கிள் மூணு காலையில மேல போச்சே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். மனுஷன் குளிக்கவில்லை. சட்டை போடவில்லை. மேலே போகிற ஜீப்பை மறித்து ஏறிவிட்டார். வழியில் இறங்கி வந்த கணேசனையும், அவன் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமலே, பிடித்து ஏற்றியிருந்தார்.

"ஆய்க்குடிக்குன்னு சொல்லிட்டு இங்கனயாலே வந்து கெடக்கிய..." என்று இறங்கியவர், சங்கரனைப் பார்த்ததும் வாயை மூடினார். அந்த வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். டிரைவரின் துண்டை வாங்கிக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். மூட்டைகளைப் பாதையோரம் இறக்கச் சொன்னார். சங்கரன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜீப் திரும்பும்போது, வெளியே நீட்டியிருந்த அவர் கை பாதையோரம் சாய்ந்து நின்ற சைக்கிள் சக்கரத்தில் தற்செயலாகப் பட்டது. விரலை முகர்ந்தார். "எவம்லே ரிம்முக்கு எண்ணெய் போட்டது?"

"நான்தான் அண்ணாச்சி. துருப்பிடிச்சா ஏசுவியளேன்னு..." என்றேன். சங்கரன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அண்ணாச்சி ஏசவில்லை. "நான் சொன்னதுக்காகவா?" என்று மட்டும் கேட்டார். தென்காசி ஆஸ்பத்திரி வரும்வரை சங்கரன் காயத்துக் கட்டை அமுக்கிப் பிடித்திருந்தார். சைக்கிளைத் தேடி மலையேறிய மனுஷர், மூன்று சைக்கிளையும் அந்தப் பாதையிலேயே போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

எவனா இருந்தாலும் சரி என்று நான்தானே கேட்டேன். எந்த முகத்தில் விழிக்கக் கூடாது என்று நினைத்தேனோ அந்த முகத்தையே முருகன் அனுப்பினான். இப்போதும் கோயிலில் எண்ணெய்க்காப்பு நடக்கும்போது எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வருகிறது.

சங்கரன் கல்யாணம் ஆவணியில் நடக்கவில்லை, தையில் நடந்தது. பத்திரிகையை மறுபடி நான் கோத்தேன். தாலி கட்டும்போது அவன் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றான். எண்ணெய் விஷயத்துக்கு அவன் என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தேவலை.

எனக்கு அரசாங்க உத்தியோகம் வரவில்லை. நாலாவது தடவையும் எழுதினேன், அதுவும் போச்சு. அதில் எனக்கு முருகன்மேல் இன்னும் வருத்தம் உண்டு. அதை அவனிடமே சொல்கிறேன். முன்னே கோபம் வந்தால் கோயிலுக்குப் போகமாட்டேன். இப்போது கோபம் வந்தால்தான் முதலில் போகிறேன். பொய் சொல்வதை விட்டுவிட்டேன். நாக்கு நுனிவரை வரும், அந்த ரிம்மின் வழவழப்பு விரலில் தெரியும், நின்றுவிடும்.

வருஷா வருஷம் ஆடியில் மூன்று பேரும் வாடகைச் சைக்கிளில்தான் ஆய்க்குடிக்குப் போகிறோம். படிப்பாயசம் என்று ஆற்றங்கரைப் படிகளைக் கழுவிப் பாயசத்தை ஊற்றினால், ஊர்ப் பிள்ளைகள் வந்து படியிலிருந்தே வழித்துச் சாப்பிடும். முருகனே வந்து சாப்பிடுவதாக அங்கே நம்பிக்கை. போன ஆடியில் அந்தக் கூட்டத்தில் சங்கரன் மகளும் உட்கார்ந்து, முழங்கைவரை பாயசமாக வழித்துச் சாப்பிட்டாள். நான் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

உங்களுக்கும் மூச்சு முட்டுகிற நாள் வரும். அன்று அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள். வருகிறவர் உங்களை ஏசிக்கொண்டே வந்தால், கதவைச் சாத்திவிடாதீர்கள்.

இந்த ஆடிக்கும் போனோம். அண்ணாச்சி சைக்கிளை வெளியே எடுத்தார், பிரேக்கை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார், ரிம்மை விரலால் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டார்.

"ஆய்க்குடிக்குத்தானாலே?"

"ஆய்க்குடிக்குத்தான் அண்ணாச்சி."

"அப்ப நில்லு, நானும் வாறேன்" என்று கடையை அடைத்தார்.